பச்சைப் பாயசம்

ஏலக்காய் வாங்கி வந்தால் நாலைந்து காய்களை ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பது என் வழக்கம். "என்ன, ஏலக்காய்க்கு நீச்சல் பழக்குறியா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். போன வாரம் இங்கே கோயம்புத்தூரில், தெருமுனைக் கடையில் வாங்கிய காய் பளபளவென்று கிளிப்பச்சையாக இருந்தது. போட்டுப் பார்த்தேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. நல்ல காய்தான். ஆனால் கிண்ணத்தின் மேல் குனிந்திருந்த என் மூக்கில் அந்த வாசனை ஏறியதும் நான் போடிக்குப் போய்விட்டேன்.

போடியில் நான் படித்த கல்லூரி ரொம்பச் சின்னது. மலை அடிவாரத்தில் இரண்டு கட்டடம், ஒரு தகரக் கொட்டகை, வேலியோரம் இலவ மரங்கள். அவ்வளவுதான். பங்குனியில் அங்கே வசந்த விழா நடக்கும். அழைப்பிதழில்தான் வசந்தம், வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். தென்றல், குயில் என்றெல்லாம் மேடையில் கவிதை வாசிப்பார்கள். நாங்கள் கண்ட வசந்தம் இலவம் பஞ்சு ஒன்றுதான். காய் வெடித்துப் பஞ்சு காற்றில் கிளம்பினால் தலையில், புருவத்தில், கவிஞர் வாயில், எல்லா இடத்திலும் வந்து உட்காரும். சாம்பார் அண்டாவுக்குள் பஞ்சு விழாமல் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கென்றே நாலு தொண்டர்களை நிறுத்துவோம்.

தொண்டர்கள் என்றால் மாணவர்களாகிய நாங்கள்தான். சட்டையிலும் தாவணியிலும் மஞ்சள் ரிப்பன் குத்தியிருப்போம். விருந்துக்கு அரிசியும் விறகும் கல்லூரி தரும். மற்றதெல்லாம் அவரவர் வீட்டிலிருந்து வரவேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் ராசிங்காபுரத்துத் தோப்பிலிருந்து தேங்காய். தேவாரத்து மாரிமுத்து தக்காளியும் கத்தரிக்காயும் கொண்டுவருவான். "யானை தின்னது போக மிச்சம்" என்று சொல்லித்தான் கூடையை இறக்குவான். மலையிலிருந்து வருகிற பிள்ளைகள் மிளகு கொண்டுவருவார்கள். போடிக்குள் இருக்கிற வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள் ஏலக்காய். எனக்கு ஒதுக்கிய சோலி சின்ன வெங்காயம் உரிப்பது. என் கைத்திறமையை மெச்சித்தான் கொடுத்தார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு எதற்கும் என்னை நம்பவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. முதல் பந்தி மலைக்காரர்களுக்கு. எஸ்டேட்டில் வேலை பார்க்கிற சனங்கள் தங்கள் பிள்ளை படிக்கிற கல்லூரியைப் பார்க்கக் கைக்குழந்தையிலிருந்து எல்லாரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கி வருவார்கள். பொழுது சாய்வதற்குள் அவர்கள் மலை ஏறிவிட வேண்டும். அதனால் தலைமை விருந்தினரே வந்தாலும் இலை முதலில் அவர்களுக்குத்தான்.

செண்பகம் என் பெஞ்சுக்காரி. விருந்துக் குழுவுக்கே அவள்தான் தலைவி. அவள் அப்பா போடியில் சின்னதாக ஏலக்காய் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். மதியம் தூக்குவாளியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கதை உண்டு. "எங்க வீட்டு டப்பாவுல இருக்கிற காயைப் பாத்தா நீ சிரிப்படி. வெளிறிப்போய் வைக்கோல் மாதிரி இருக்கும். நல்ல காயெல்லாம் விக்கிறதுக்கு, நமக்கு இது போதும்மான்னு சொல்லிருவாரு எங்கப்பா." சொல்லும்போது அவள் கண் நிறைந்துவிடும். சரக்கில் நல்லதை ஊருக்குக் கொடுத்துவிட்டு மட்டத்தைத் தான் தின்கிற மனுஷன் என்றால் யாருக்குத்தான் பெருமை இருக்காது? எனக்கே என் அப்பாவை நினைத்துக் கொஞ்சம் குறையாக இருக்கும். எங்கள் வீட்டில் நல்ல தேங்காயை நாங்களே சட்னி அரைத்துவிடுவோம்.

நான் சொல்ல வந்த விழா எங்கள் கடைசி வருஷத்தில் நடந்தது. காலையிலேயே செண்பகம் ஒரு பெரிய பொட்டலத்தோடு கொட்டகைக்குள் வந்தாள். பிரித்துக் காட்டினாள். ஒவ்வொரு காயும் குண்டாக, பச்சைப்பசேலென்று.

"அப்பா வீட்டு டப்பாக் காயைத்தான் கட்டிக் குடுத்தாருடி. விழாவுக்குப் போயி அதையா குடுக்கிறது? அதை அடுக்களையிலயே வச்சுட்டு, கடையில இருந்து மொதத் தரமா அள்ளிட்டு வந்துட்டேன். அவருக்குத் தெரியாது" என்றாள்.

நாங்கள் எல்லாரும் கை தட்டினோம்.

சமையலுக்குக் கூலிக்கு வந்தவர் பாண்டி மாஸ்டர் ஒருவர்தான். கையில் கரண்டியும் வாயில் வசவும் எப்போதும் இருக்கும். பாயசத்துக்குப் பாலும் சேமியாவும் கொதித்துக்கொண்டிருந்தன. "ஏலக்காயைத் தோலோட தட்டி, வெந்நீர்ல ஊறப்போட்டு, அந்தச் சாறை வடிகட்டி ஊத்து தாயி. அப்பத்தான் ஊரே மணக்கும்" என்றார் மாஸ்டர். நம் ஊரில் ஏலக்காய்க்கா பஞ்சம்? பொட்டலம் முழுவதையும் தட்டிப் போட்டோம். புகையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. செண்பகமும் மாரிமுத்துவும் வெள்ளைத் துணியை இழுத்துப் பிடிக்க, சாறு நேராகப் பாலுக்குள் இறங்கியது. வாசனை தூக்கியது. மாஸ்டர் துடுப்பால் ஒரு சுற்றுக் கிண்டினார். அப்புறம் நிறுத்தினார்.

பால் பச்சையாகிக்கொண்டிருந்தது.

"எவன்டா கலர் போட்டது?" என்று மாஸ்டர் கத்தினார். மாரிமுத்து வழக்கம்போல ஏதோ கேலி பேச வாயெடுத்தவன், கையிலிருந்த துணியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். துணி நனைந்த இடமெல்லாம் வெற்றிலை நிறம்.

செண்பகம் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு என் கையைப் பிடித்துத் தண்ணீர்க் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"வீட்டுக்கு வேற காய், விக்கிறதுக்கு வேற காய்" என்றாள். "அவரு தெரிஞ்சுதாண்டி எங்களுக்கு அந்த வெளிறின காயைக் குடுத்திருக்காரு."

"மலையிலேயே யாராவது சாயம் போட்டிருப்பாக. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

இதற்கிடையே ஒலிபெருக்கியில் தலைமை விருந்தினர் பேசிக்கொண்டிருந்தார். அவர் ஊரிலேயே பெரிய ஏலக்காய் வியாபாரி. சின்ன வியாபாரிகள் சரக்கையெல்லாம் கடைசியில் அவரிடம்தான் கொண்டுபோய்ப் போடவேண்டும், செண்பகத்தின் அப்பாவும்தான். அவள் அப்பா அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். விருந்துக்கு ஏலக்காய் தந்தவர் என்று மேடையில் பேர் சொல்லிச் சால்வையும் போர்த்தியிருந்தார்கள். ஆக, பாயசத்தில் விழுந்த காய் யாருடையது என்பது பந்தலுக்கே தெரியும். அந்தப் பெரியவர் அண்டாவைப் பார்த்து நாலு பேருக்கு நடுவில் ஒரு சொல் சொன்னால் போதும், அவள் அப்பா கடையை இழுத்துச் சாத்த வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி, "நம்ம போடி ஏலக்காயோட பச்சை உலகத்துல எங்க இருக்கு?" என்று கேட்டது. பந்தலில் கைதட்டல்.

மாஸ்டருக்குத்தான் முதலில் யோசனை வந்தது. "பிஸ்தாப் பாயசம்னு சொல்லிருவோம். எவன் கேக்கப் போறான்?"

எங்களுக்கு உயிர் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் அப்போது அது எவ்வளவு சுலபமாகத் தோன்றியது தெரியுமா? நான்கூட, "ஆமா, நல்ல யோசனை" என்றேன்.

செண்பகம் மட்டும், "மொதப் பந்தியில சின்னப் பிள்ளைக இருக்குல்ல?" என்று கேட்டாள்.

"குடிச்சா செத்தா போயிருவாக? குச்சி ஐஸ்ல இல்லாத கலரா? பேசாம வெரசா டம்ளரை அடுக்கு தாயி" என்றார் மாஸ்டர்.

பந்தலில் மலைக்காரர்கள் ஏற்கெனவே இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். குழந்தைகள் தண்ணீர் தெளித்து விளையாடும் சத்தம் கேட்டது. பேச்சு முடியப்போவதற்கு அடையாளமாகப் பெரியவர் நன்றி சொல்ல ஆரம்பித்தார். நாங்கள் அண்டாவைச் சுற்றி நின்றோம்; தூக்கவும் மனம் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை. பஞ்சுக்குக் குடை பிடித்தவர்கள் வேட்டியைக் கீழே போட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் செண்பகத்தின் அப்பா உள்ளே வந்தார். தோளில் புதுச் சால்வை. "பாயச வாசம் மேடை வரைக்கும் வருதேப்பா!" என்று சிரித்துக்கொண்டே வந்தவர் அண்டாவை எட்டிப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. துணியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"நான் குடுத்த பொட்டணம் எங்கம்மா?"

"வீட்டு அடுக்களையிலயே இருக்குப்பா."

அவர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் கல்லூரி முதல்வர் முன்னே நடக்க, பெரியவர் வெள்ளை வேட்டி சரசரக்கக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டார். "என்ன கண்ணுகளா, என்ன சமையல்?"

மாஸ்டர் கும்பிட்டு, "பிஸ்தாப் பாயசம் மொதலாளி" என்றார்.

செண்பகம் ஒரு டம்ளரை எடுத்தாள். அண்டாவிலிருந்து மொண்டாள். தலைமை விருந்தினரிடம் நீட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவரைத் தாண்டிப் போய் அப்பாவின் முன்னால் நின்றாள்.

"மொதல்ல நீங்க குடிங்கப்பா."

அவர் வாங்கிக்கொண்டார். டம்ளர் சுட்டிருக்கும், கையை மாற்றவில்லை. வாய்க்கும் கொண்டுபோகவில்லை. நான் அவருடைய கையையே பார்த்தேன். குடித்துவிட்டால் நல்லது என்றும், குடித்துவிடக் கூடாது என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமிக்கும் அப்படி ஒரு குழப்பமான வேண்டுதல் போயிருக்காது.

பெரியவர் அண்டாவைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், டம்ளரோடு நின்றவரைப் பார்த்தார். அந்தத் தொழிலிலேயே நரைத்த மனுஷன். ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது என்று எங்களுக்கும் தெரிந்தது. இடி இறங்கப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பிஸ்தாவா? பேஷ், பேஷ்!" என்றார் அவர்.

கண்ணைத் திறந்தேன். முதல்வர் மரியாதைக்கு ஒரு டம்ளரை எடுத்து நீட்டினார். பெரியவர் கையால் தள்ளினார். "எனக்குச் சக்கரை. ஆகாது. பிள்ளைகளுக்கு நெறைய ஊத்துங்க." செண்பகத்தின் அப்பாவைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார், கூட்டாளிக்குத் தலை அசைப்பதுபோல. அப்புறம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். முதல்வரும் பின்னாலேயே ஓடினார்.

அவ்வளவுதான். செண்பகத்தின் அப்பா தப்பித்துவிட்டார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அந்தத் தலையசைப்புத்தான் அவரை அடித்துப்போட்டது என்று இப்போது நினைக்கிறேன். அவர் குனிந்து, டம்ளரில் இருந்ததை மண்ணில் ஊற்றினார்.

"கொட்டிருங்கப்பா" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். காலி டம்ளரை அடுப்புத் திண்டில் வைத்துவிட்டுப் பின்வழியாக வெளியேறினார். மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாரிமுத்துவும் இன்னும் மூன்று பேரும் அண்டாவைத் தூக்கிக்கொண்டுபோய் இலவ மரத்தடியில் கவிழ்த்தார்கள். பாயசம் தீய்ந்துவிட்டது என்று பந்தலில் சொல்லிவிட்டோம். "என் கையில பாயசம் தீஞ்சதா? தொழிலையே விட்டுப் போறேன்டா" என்று மாஸ்டர் குதித்தார், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. தேங்காயும் வெல்லமும் கலந்து இலைக்கு ஒரு பிடி வைத்தோம். ஒரு குழந்தை பாயசம் கேட்டு அழுதது. அதன் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாரமில்ல மோளே, சோறு நல்லாருக்கு" என்று மலையாளம் கலந்து என்னைத் தேற்றினாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் உரித்த கை என்பதால் யாரும் ஏனென்று கேட்கவில்லை.

அன்றைக்கு அங்கே நின்ற ஒருவர்கூட இதை வெளியில் சொல்லவில்லை. மறுநாளே செண்பகத்தின் அப்பா சாயக் காயைத் தொடுவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்கும் கடைக்கும் ஒரே மூட்டை. ஆனால் வெளிறிய காயைச் சந்தையில் யார் சீண்டுவார்கள்? சில வருஷத்தில் கடை மூடிவிட்டது. இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். கல்லூரியில் விருந்தை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டார்கள். சாப்பாடு பொட்டலமாக வருகிறது, பந்தியே இல்லை என்னும்போது முதல் பந்தி ஏது? வேலியோரத்து மரங்களையும் வெட்டியாயிற்று என்று கேள்வி.

செண்பகம் இப்போது தேனியில் ஆசிரியை. கிண்ணத்துத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு அவளுக்குப் போன் செய்தேன். அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது என்றாள். இத்தனை காலம் நாங்கள் இருவரும் தொடாமல் விட்டிருந்த பேச்சை அவளாகவே எடுத்தாள்.

"கடை போனதுக்கு அவரு ஒரு நாள்கூட என்னைய வையலடி. நல்லாத்தான் பேசுவாரு. ஆனா அந்த டம்ளருக்கு அப்புறம் என் கையால எதையுமே வாங்கிக்கிட்டதில்ல. காப்பி கொண்டுபோனா, 'வச்சுட்டுப் போம்மா'ன்னுதான் சொல்லுவாரு. கண்ணாலம் ஆகி நான் விருந்துக்கு வந்தப்பவும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில கிடந்தப்பவும் அப்படித்தான். கோவம் இல்லடி. கூச்சம்."

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"இப்ப தெனமும் காலையில படத்துக்கு முன்னாடி ஒரு டம்ளர் காப்பி வைக்கிறேன். வச்சுட்டுத் திரும்புறப்ப அந்த வார்த்தை காதுல விழ மாட்டேங்குதுடி" என்றாள்.