பன்னீர் தெளித்த உப்புப் புட்டி

எனக்குக் கல்யாணம் ஆகாமலிருந்த நாட்களில் அம்மாவுக்கு இரண்டு கவலைகள். ஒன்று, எந்த மாப்பிள்ளையும் எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொன்று, நான் உப்புப் புட்டி சேர்த்தேன்.

வெள்ளைக்காரர்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து உப்புத் தூவிக்கொள்கிற, மூடியில் ஓட்டை போட்ட சின்னக் கண்ணாடிப் புட்டிகள் அவை. முதல் புட்டியைக் காரிமங்கலம் சந்தையில் பழைய சாமான் விற்கிறவரிடம் வாங்கினேன். இளஞ்சிவப்பு. மாதா கோயிலுக்கு வந்திருந்த வெளிநாட்டுச் சாமியார் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, விக்டோரியா ராணி காலத்துச் சாமான் என்றார். அன்று பிடித்த பைத்தியம். வெள்ளைக்காரர்கள் ஏற்காட்டுப் பங்களாக்களைக் காலி செய்தபோது வெளியே வந்தவை எங்கள் சந்தைகளிலும் தலைகாட்டின. வாத்தியார் சம்பளத்தில் ஒவ்வொன்றாக வாங்கி அலமாரியில் அடுக்கினேன். அம்மா ஒரு நாள் பெரிய மனது பண்ணி, ஒன்றில் கல்லுப்பைப் போட்டுக் குழம்பின் மேல் ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். ஒரு கல்கூட விழவில்லை.

"இத்தன ஓட்ட இருந்து என்னா பிரயோசனம்?" என்று என்னை முறைத்தாள்.

நீலப் புட்டி மட்டும் எனக்கு அகப்படவேயில்லை. கடைசியில் அது ஒரு கல்யாண வாசலில் அகப்பட்டது. சந்தனம், கற்கண்டுத் தட்டுக்குப் பக்கத்தில் நின்ற அம்மாள் என்மேல் பன்னீர் தெளித்தார். கையிலிருந்தது பன்னீர்ச் செம்பு அல்ல, உப்புப் புட்டி! மயில் கழுத்து நீலம், பூசணிக்காய்க்கு இருப்பதுபோல் உடம்பெல்லாம் வரி. நான் வெளியே போய்த் திரும்பத் திரும்ப வரிசையில் வந்து நின்றேன்.

"என்னா டீச்சர், குளிச்சிட்டு வரலீங்களா?" என்று அவர் சிரித்தார்.

மறுநாளே அவர் வீட்டுக்குப் போனேன். "அக்கா, அது உப்புப் போடற புட்டிங்க" என்றேன். அவர் அசரவில்லை.

"எங்க மாமனாரு துரை பங்களாவுல சமையலுங்க. துரை ஊருக்குப் போவறப்ப குடுத்தது. அவிங்களுக்கு உப்பு, எங்களுக்குப் பன்னீரு. இதுல தெளிச்ச கல்யாணம் ஒண்ணுகூட பிசகுனதில்லீங்க. தெருவே வந்து வாங்கிட்டுப் போவுது."

நான் விடவில்லை. வெள்ளியிலேயே பன்னீர்ச் செம்பு வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் யோசித்தார். "கடசிப் பொண்ணு கல்யாணம் ஆவட்டும். அதுக்கும் இதுலதான் தெளிக்கணும். அப்பறம் எடுத்துக்குங்க."

அந்தக் கடைசிப் பெண் என்னைவிட மோசம். வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் நொட்டை சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். எனக்கோ பொறுமை கிடையாது. தரகர் வேலையில் நானே இறங்கினேன். எங்கள் பள்ளி டிராயிங் மாஸ்டரின் தம்பி அரூரில் கரண்ட் ஆபீஸ் வேலையில் இருந்தார். கூட்டிவந்து காட்டினேன். ஆள் பரவாயில்லை, மீசை பயமாக இருக்கிறது என்றாள். நேராக அவரிடமே போய், "மீசையா பொண்ணா, முடிவு பண்ணுங்க" என்றேன். மறுவாரம் மீசை இல்லாமல் வந்தார். தன் கல்யாணத்தைக் கவனிக்காதவள் ஊரார் கல்யாணத்துக்கு அலைகிறாளே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

கல்யாணம் நடந்தது. நான் சேலத்தில் வாங்கிய வெள்ளிச் செம்பைக் கொடுத்தேன். அக்காவும் சொன்ன சொல் மாறாமல், பன்னீர் ஈரம் காயாத புட்டியை என் கையில் வைத்தார். அன்று எனக்கிருந்த சந்தோஷம் கல்யாணப் பெண்ணுக்குக்கூட இருந்திருக்காது.

அலமாரியில் நடுவில் வைத்து ஆசை தீரப் பார்ப்பதற்குள் பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்துவிட்டது. "டீச்சரம்மா, துரை சொம்பு இப்ப உங்க வூட்லயாமே? எங்க பையனுக்குக் கல்யாணமுங்க."

முடியாது என்று வாயெடுத்தேன். "கல்யாணத்துக்குக் கேக்கறவங்களுக்கு இல்லன்னு சொல்லாத" என்று அம்மா முந்திக்கொண்டாள். போனது வந்தது, வந்தது போனது. மூடி நசுங்கி வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. முகூர்த்த மாதங்களில் அலமாரியில் அதன் இடம் எப்போதும் காலி.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருவழியாக எனக்கும் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்துப்போனது. நல்லம்பள்ளிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நீலப் புட்டி, என் கல்யாணத்தன்று காலை வரை திரும்பவில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். ஊருக்கெல்லாம் தெளித்தது, எனக்கு இல்லையா?

அப்போது அந்த அக்கா வாசலில் வந்து நின்றார். மகள் இடுப்பில் குழந்தை, மருமகன் முகத்தில் மறுபடி மீசை. அக்கா கையில் நான் கொடுத்த வெள்ளிச் செம்பு.

"துரை சொம்பு இன்னும் வரலன்னு உங்கம்மா சொல்லி அனுப்புனாங்க. நீங்க இல்லன்னா எங்க வூட்ல ஏது கல்யாணம்?" என்று முதலில் என் தலையில் தெளித்தார். கண்ணில் வழிந்தது பன்னீர் மட்டுமில்லை.

நீலப் புட்டி மறுநாள் வந்து சேர்ந்தது. கழுவித் துடைத்தேன். அலமாரியில் வைக்கவில்லை. வாசல் பக்கத்து மாடத்தில் வைத்தேன், வந்து கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கச் சுலபமாக இருக்கும்.