மஞ்சள் வைத்த வடிதுணி

நரம்புச் சிலந்தி என்கிற புழு உடம்புக்குள் போய்க் காலில் புறப்பட ஒரு வருஷம் ஆகும். இந்தக் கோடையில் குடித்த தண்ணீருக்கு அடுத்த கோடையில்தான் கொப்புளம் வரும். எங்கள் ஆராய்ச்சிக்கு அரசாங்கம் ஒதுக்கியதோ மார்ச் மாதத்தோடு முடிகிற பணம். சித்திரையில் தொடங்கினோம். பங்குனியில் கடையைக் கட்டச் சொன்னார்கள். புழுவிடம் யாரும் கேட்கவில்லை.

நாற்பதுகளின் நடுவில், உலகச் சண்டை முடியாத காலம் அது. நான் அருப்புக்கோட்டையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். சென்னையிலிருந்து வந்த ஒரு டாக்டருக்கு, உள்ளூர்ப் பேச்சு தெரிந்த, வெயிலில் நடக்கிற ஒரு பெண் வேண்டுமென்று என்னை அனுப்பினார்கள். திருச்சுழிக்கு வெளியே பஞ்சு மூட்டை போட்டுவைக்கிற ஒரு பழைய கிட்டங்கிதான் எங்கள் ஆராய்ச்சி நிலையம். ஒரு மேஜை, இரவல் வாங்கிய ஒரு மைக்ராஸ்கோப், அவர், நான். மூன்றாவது ஆளுக்கு எழுதிக் கேட்டார். சண்டை முடியட்டும் என்று பதில் வந்தது.

ஊருணித் தண்ணீரில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு சின்னப் பூச்சி இருக்கும். சிலந்தி புறப்பட்ட காலோடு ஒருவர் தண்ணீரில் இறங்கினால் புழுவின் குஞ்சுகள் அந்தப் பூச்சிக்குள் போய்விடும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு மறு வருஷம் சிலந்தி. நெருக்கமாக நெய்த துணியில் வடிகட்டினால் பூச்சி துணியிலேயே தங்கிவிடும். இது புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் நம் ஊர்ப் பெண்கள் நம் ஊர்த் துணியில் வடிகட்டினால் நிற்குமா என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை என்றார் டாக்டர். எண்ணிக் காட்டினால்தான் மாகாணம் முழுக்கத் துணி கொடுக்கப் பணம் கேட்கலாம். அவர் நல்ல மனிதர். இதைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவதைப் படிப்பவர்கள் அவரைத் திட்டுவார்கள்.

நரிக்குடிப் பாதையில் அடுத்தடுத்து இருந்த இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டோம். இரண்டிலும் ஊருணிதான் குடிதண்ணீர். கீழ ஊரில் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தது. எந்த ஊருக்குத் துணி, எந்த ஊரைச் சும்மா விடுவது என்று முடிவு செய்ய டாக்டர் ஒரு காலணாவைச் சுண்டினார். மேல ஊருக்குத் துணி விழுந்தது.

“கீழ ஊர்ல ஒரு வீட்டுக்குக்கூடத் துணி போகக் கூடாது. போனா கணக்கு கெட்டுப்போகும். அடுத்த கோடையில எண்ணி முடிச்சதும் எல்லாருக்கும் கொடுத்துடலாம்” என்றார். என் அக்கா அங்கே இருப்பது அவருக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். அதனால் என்ன என்றும் நானே சொன்னேன்.

அருப்புக்கோட்டைத் தறியில் நெருக்கமாக நெய்து வாங்கிய வெள்ளைத் துணியை வீட்டுக்கு ஒன்றாக மேல ஊரில் கொடுத்தோம். ஒரு வாரம் கழித்துப் போனால் ஒரு பானை வாயிலும் துணி இல்லை. துணிக்குக் கட்டுப்பாடு போட்டிருந்த காலம். புதுத்துணியைப் பார்த்தே பல மாதம் ஆனவர்கள். பாதிப் பேர் பெட்டியில் மடித்து வைத்திருந்தார்கள். ஒருத்தி பிள்ளைக்குச் சட்டை தைத்துவிட்டாள்.

“கோடித் துணியை எடுத்த எடுப்புல தண்ணி வடிக்கப் போடச் சொல்றீகளே, நல்லாவா இருக்கு?” என்று என்னிடமே சண்டைக்கு வந்தார்கள்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. புதுத்துணிக்கு ஓரத்தில் மஞ்சள் வைத்துத்தான் எடுப்பார்கள். எங்களைப் போன்ற வேதக்காரக் கிறிஸ்தவ வீடுகளிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. “மஞ்சள வச்சு எடுங்க. தினமும் மஞ்சள் வச்ச பக்கம் மேல இருக்கட்டும்” என்றேன். துணியைப் புரட்டிப் போட்டால் முந்தின நாள் தங்கிய பூச்சியெல்லாம் பானைக்குள் இறங்கிவிடும் என்று டாக்டர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கவலையும் தீர்ந்தது. என்னை ரொம்பப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பேச்சு கீழ ஊருக்குப் போகாமல் இருக்குமா? வைகாசியில் ஊருணி வற்றிச் செம்மண் குழம்பாகக் கிடந்தபோது அக்கா வீட்டுக்குப் போனேன்.

“மேல ஊருக்கு மட்டும் துணி குடுத்தியாமில்ல? எனக்கு ஒரு துண்டு குடேன்டி.”

“குடுக்கக் கூடாதுக்கா. அடுத்த வருசம் எல்லாருக்கும் குடுப்பாக.”

“சரி, போ. நானும் ஒண்ணு போட்டிருக்கேன், வந்து பாரு” என்று அடுப்படிக்குக் கூட்டிப் போனாள். பானை வாயில் அவளுடைய பழஞ்சேலைக் கிழிசல். நூல் நூலாக விலகி, கை வைத்தால் விரல் தெரிகிற துணி. நான்கு மூலையிலும் அழுத்தமாக மஞ்சள் தடவியிருந்தாள். சிலந்தியைத் தடுப்பது மஞ்சள்தான் என்று கீழ ஊர் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. தெருவில் பல வீடுகளில் இதே மாதிரி கந்தல், இதே மாதிரி மஞ்சள்.

எல்லா வீட்டிலும் எடுப்பதுபோல அவள் பானையிலிருந்தும் ஒரு சீசாத் தண்ணீர் எடுத்துவந்தேன். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். பூச்சிகள் சௌகரியமாக நீந்திக்கொண்டிருந்தன. டாக்டரையும் பார்க்கச் சொன்னேன்.

வெகுநேரம் பார்த்தார். “இந்தத் துணியில எதுவும் நிக்கல. அப்படின்னா கணக்குக்குப் பாதகமில்லை. நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்” என்றார். பிறகு, “கஷ்டந்தான்” என்றார்.

நான் அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. அன்று எனக்கு என்ன தோன்றியது என்று இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். எதுவும் தோன்றியதாக நினைவில்லை. சீசாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தது மட்டும் நினைவிருக்கிறது. பத்து மாதமும் மாதத்துக்கு ஒரு தடவை அவள் வீட்டுக்குப் போனேன், சீசாவில் தண்ணீர் எடுத்தேன், அவள் கொடுத்த கம்மங்கூழைக் குடித்தேன்.

தை மாதமே டாக்டர் அரசாங்கத்துக்கு எழுத ஆரம்பித்தார். இன்னும் நான்கு மாதம் போதும், கோடை வந்தால் எண்ணிவிடலாம் என்று எழுதினார். ஒரு வருஷத்துக்குக் கொடுத்த பணத்தில் வேலை ஏன் முடியவில்லை என்று விளக்கம் கேட்டு வந்தது. புழுவுக்கு ஒரு வருஷம் வேண்டும் என்று விளக்கினார். அதுவரை கண்ட பலனைத் தெரிவிக்கவும் என்று வந்தது. அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். அவர் அங்கே சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பங்குனிக் கடைசியில் மைக்ராஸ்கோப்பை வைக்கோல் வைத்துப் பெட்டியில் கட்டினோம். மிச்சமிருந்த துணியை மடித்துக் கட்டி அரக்கு வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அதை நான்தான் செய்தேன். ஒரு துண்டை உருவியிருந்தால் கேட்க ஆளில்லை. இனி கெடுவதற்குக் கணக்கும் இல்லை. ஆனாலும் நான் உருவவில்லை. கை அதுபாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தது. டாக்டரை வேறு ஜில்லாவுக்குக் காலரா வேலைக்குப் போட்டார்கள். நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன்.

வைகாசியில் அக்கா வீட்டுக்காரர் வந்து சொன்னார். போனேன். அக்காவுக்கு இடது முழங்காலுக்குக் கீழே சிலந்தி புறப்பட்டிருந்தது. நூல்போல வெளியே வந்ததை ஈர்க்குச்சியில் சுற்றித் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். களையெடுப்புக்குப் போகிற அவசரத்தில் அவளே சுண்டி இழுத்து, உள்ளே அறுந்துவிட்டது. கால் வீங்கிச் சீழ் வைத்திருந்தது. கீறிக் கழுவிக் கட்டுப் போட்டேன். புண் ஆறிவிட்டது. முழங்கால் மட்டும் மடங்கியபடியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவள் வயலில் இறங்கவில்லை.

அந்தக் கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேதக்கோயிலுக்குப் போகாமல் இரண்டு ஊரிலும் வீடு வீடாகப் போய் நானே எண்ணினேன். யாரும் எண்ணச் சொல்லவில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மேல ஊரில் சிலந்தி புறப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கீழ ஊரில் தெருவுக்குத் தெரு ஈர்க்குச்சி சுற்றிய கால்கள். அக்கா வீட்டையும் எழுதிக்கொண்டேன். துணி வேலை செய்கிறது என்பது உலகத்தில் அன்று எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். சந்தோஷம் வரவேண்டும். அழுகையாவது வந்திருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை.

நோட்டை டாக்டருக்கு அனுப்பினேன். அவர் மேலே அனுப்பினார். ஆராய்ச்சி முடிவடைந்த பிறகு, அதிகாரம் பெறாத ஒருவர் எடுத்த கணக்கை ஏற்பதற்கில்லை என்று நோட்டு திரும்பி வந்தது. டாக்டர் ஓரத்தில் பென்சிலால் ‘மன்னியுங்கள்’ என்று எழுதியிருந்தார்.

ஐப்பசியில், ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்த வெள்ளைச் சேலையில் ஒரு முழம் கிழித்து எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். காலை நீட்ட முடியாமல் சுவரில் சாய்ந்து மனைப்பலகையில் உட்கார்ந்திருந்தாள். துணியைக் கையில் வாங்கியதும் முகம் மலர்ந்துவிட்டது.

“சொன்ன மாதிரியே குடுத்துட்டாகளே! அந்த மஞ்சளை இங்கிட்டு எடு.”

மஞ்சளைக் குழைத்து மூலையில் வைக்கப் போனாள். அப்போதுதான் சொன்னேன். “மஞ்சள்ல ஒண்ணும் இல்லக்கா. துணிதான் பூச்சிய நிறுத்துது. உன் பழஞ்சேலையில ஒண்ணும் நிக்கல.”

அவள் விரலில் மஞ்சளோடு என்னைப் பார்த்தாள்.

“இது உனக்கு எப்ப தெரியும்?”

“போன வருசம் வைகாசியில.”

அவள் மஞ்சளைத் துணியில் வைத்தாள். அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி பானை வாயில் கட்டினாள். “கூழு இருக்கு, குடிச்சிட்டுப் போ” என்றாள். குடித்துவிட்டு வந்தேன்.