முழங்காலில் ஓடிய பந்தயம்

திருப்பதியில் மகன் வீட்டுக்குக் கீழே புதிதாக ஒரு ஜிம் திறந்திருக்கிறார்கள். மாத்திரை வாங்க இறங்கினால் வலித்தைல வாசனை மூக்கில் ஏறுகிறது. நேற்று உள்ளே எட்டிப் பார்த்தேன். சுவரில் பெரிய படம் மாட்டி, உடற்தகுதிக்கு ஐந்து அம்சம் என்று போட்டிருந்தார்கள்: தசைக்குப் பலம், தசை தாக்குப்பிடிக்கும் தெம்பு, மூச்சுக்குத் தெம்பு, வளைகிற உடம்பு, அளவான கொழுப்பு. இந்த ஐந்திலும் எனக்கு ஒரு காலத்தில் பரீட்சை வைத்தார்கள், தெரியுமா உங்களுக்கு? சிரிக்காமல் கேளுங்கள்.

ஆந்திர ராஜ்யம் பிறந்து, எங்கள் சித்தூர் ஜில்லா அதோடு ஒட்டிக்கொண்டு, எல்லையோரத்தில் எந்த ஊர் எந்தப் பக்கம் என்று முடிவாகாத சமயம். நகரிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம், வீட்டில் தறி. தாய்மாமன் மகள் கன்னியம்மா எனக்குத்தான் என்று சின்ன வயசிலிருந்தே பேச்சு. பேசின மாமனே பிறகு மாற்றிப் பேசினார். "தறியில குந்திக்கினு கீறவனுக்குப் பொண்ணு இல்ல. சர்க்கார் வேலையோட வா." மலைப்பக்கம் காவலாள் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் திருப்பதிக்குப் பறந்தேன்.

நான் அப்போது வெறும் எலும்பு. எடை பார்ப்பதற்கு முன்னால் நைனா, எங்கள் அப்பா, கேழ்வரகுக் களியை உருட்டி உருட்டிக் கொடுத்தார். "துன்னுடா, தராசு முள்ளு நவுரட்டும்." முள் நகர்ந்தது. நான்தான் நகர முடியவில்லை. மூட்டை தூக்கினேன், தண்டால் எடுத்தேன். குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னபோது களி நடுவில் நின்று மறித்தது. எப்படியோ தொட்டுத் தொலைத்தேன்.

கடைசிப் பரீட்சை மூச்சுக்கு. மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து படியேறித் திருமலைக்கு ஓட வேண்டும். அதிகாரி கோதாவரிப் பக்கத்துத் தெலுங்குக்காரர். மேலே கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். சொன்ன நேரத்துக்குள் வந்தால் வேலை.

தறி மிதித்த கால் ஐயா இது! எல்லாரையும் விட்டு முன்னால் போனேன். தூரத்துச் சொந்தக்காரன், புத்தூர் ஏகாம்பரம் மட்டும் பின்னால் இரைத்துக்கொண்டு வந்தான். மலை முடிகிற இடத்தில் மோகாள்ள மெட்டு வந்தது. சாமி மலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று அந்தக் காலத்து ஆசாரியர் ஒருவர் முழங்காலால் ஏறினாராம். அதனால் செங்குத்தான அந்தப் படிகளில் வேண்டுதல்காரர்கள் முட்டி போட்டு ஏறுவார்கள். எங்கள் அம்மாவும் அப்படி வேண்டிக்கொண்டு, நான் புறப்படும்போதே சொல்லி அனுப்பியிருந்தாள். "எம் புள்ள அந்தப் படிய முட்டியாலயே ஏறுவான்னு வேண்டிக்கினேன். கால வச்சி ஓடினியோ, வேல கெடைக்காது." முட்டி போட்டேன்.

ஏகாம்பரம் வந்தான், பார்த்தான். தாண்டி ஓடியிருக்கலாம், மடையன். "நீ முட்டி போட்டுக்கினு போவே, நான் மிதிச்சிக்கினு ஓடணுமா? சாமி யாருக்குடா வேல குடுக்கும்?" என்று அவனும் போட்டான். பின்னால் வந்த அத்தனை பேரும் போட்டார்கள்.

"எழுந்துக்கடா, நேரமாவுது" என்றேன்.

"நீ மொதல்ல எழு."

யாத்திரிகர்கள் எங்களை ஏதோ பெரிய பஜனைக் கோஷ்டி என்று நினைத்துக் கோவிந்தா போட்டார்கள். ஒரு அம்மாள் வரிசையாகக் குங்குமம் வைத்தாள். இன்னொருவர் ஏகாம்பரத்தின் காலிலேயே விழுந்தார். மேலே அதிகாரி, "லேவண்டய்யா! டைம் அயிப்போயிந்தி!" என்று நேரம் முடிந்ததைத் தெலுங்கில் கத்தினார். எழுந்திருக்கச் சொன்ன பாவத்துக்குக் கூட்டம் அவரை முறைத்தது. மனிதர் பயந்துபோய் தானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கோவிந்தா சொன்னார். கடிகாரத்தை மட்டும் நிறுத்தவில்லை.

எல்லாரும் ஃபெயில். மறுபரீட்சை சித்தூரில், சமதரையில் வைப்பார்களாம். அது வருவதற்குள் எல்லை முடிவாகி, எங்கள் கிராமம் மதராஸ் ராஜ்யத்துக்குப் போய்விட்டது. நான் தறியைவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லை, வேறு ராஜ்யத்து ஆளாகிவிட்டேன்! "மீரு மதராஸ் வாள்ளு கதா", நீங்கள் மதராஸ்காரர் ஆயிற்றே என்று மைதானத்து வாசலிலேயே திருப்பினார்கள். புத்தூர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டதால் ஏகாம்பரம் உள்ளே போனான், ஓடினான், வேலை வாங்கினான். ஆறே மாதத்தில் கன்னியம்மாவையும் கட்டினான். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

கல்யாணத்தில் சாம்பார் வாளியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். மணப்பெண் இலைக்கு வந்தபோது அவள் தலை நிமிராமல் கேட்டாள். "எழுந்து ஓடியிருக்கலாமில்ல மாமா?"

"அம்மா வேண்டிக்கினு இருந்தாங்களே, கன்னியம்மா."

"நான் வேண்டிக்கலியா? நீ மொதல்ல வரணும்னு நானுந்தான் வேண்டிக்கினேன்."

சாம்பாரை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனேன். வேறென்ன செய்ய?

அந்தக் காவலாள் வேலையையே பிறகு ஒழித்துவிட்டார்கள். மதராஸ் ராஜ்யம் என்ற பேரே போய்விட்டது. ஏகாம்பரம் எப்போதோ போனான். போன தை மாதம் கன்னியம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இனி சொல்ல ஆளில்லை.