என்ன எறும்பு என்று கேட்ட செல்வம்

உத்தமபாளையம் உரக்கடை செல்வம் இன்று காலை போய்விட்டார். மாரடைப்பு... ஆஸ்பத்திரிக்குத் தூக்கவும் நேரம் கொடுக்கவில்லை.

அவர் கடையில் எறும்புப் பொடி வாங்குவது பாஸ்போர்ட் வாங்குவதைவிடக் கஷ்டம். "என்ன எறும்பு?" என்பார். தெரியாது என்றால் தீப்பெட்டியைக் கையில் கொடுத்து, ரெண்டைப் பிடித்து வரச் சொல்வார்.

பிள்ளையார் எறும்பு என்றால் பொடி கிடையாது. கடிக்காத ஜீவன், விட்டுவிடு என்பார். திராட்சைப் பந்தலில் மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கிற எறும்பு என்றால் மட்டும் டப்பா வெளியே வரும்.

பாதி கஸ்டமர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். கல்லாவில் இருக்கும் அவர் மனைவி ஜோதி (எனக்குத் தங்கச்சி முறை) தலையில் அடித்துக்கொள்ளும். "வந்தவுகளுக்குக் கேட்டதக் குடுக்காமப் பரீட்ச வச்சா, கடை எப்படிண்ணே ஓடும்? நீங்களாச்சும் சொல்லுங்க."

நான் சொன்னால் கலெக்டரே கேட்பார். செல்வம் கேட்கவில்லை.

ஒருமுறை என் மாமரங்களில் முசுறு எறும்பு ஏறிவிட்டது. (என் மாம்பழத்துக்குக் கோட்டயம் வரை ஆள் காத்திருக்கும், அது தனிக் கதை.) மருந்து கேட்டேன், தரவில்லை. மறுநாள் டிவிஎஸ் வண்டியில் தோட்டத்துக்கே வந்துவிட்டார்.

இலைகளைத் தைத்துக் கட்டிய கூட்டைக் காட்டி, காயைக் கெடுக்கிற பூச்சியைத் தின்பதே இதுதான், இதுக்கா மருந்து என்றார். சொல்லும்போதே சட்டைக்குள் நாலு முசுறு... அன்று அவர் ஆடிய ஆட்டத்தை வீரபாண்டித் திருவிழாவில்கூட நான் பார்த்ததில்லை.

நான் விடுவேனா... என் தோட்டத்தில் ஆயிரம் வகை எறும்பு இருக்கிறது, ஃபாரின்காரனே வந்து போட்டோ எடுத்தான் என்று அடித்துவிட்டேன்.

சட்டையை உதறிக்கொண்டே சொன்னார்: "ஒம்போது பாத்துட்டேன் மச்சான். மிச்சத்த நீங்க கூப்புடுங்க, வரட்டும்."

மதியம் செல்வம் வீட்டுக்குப் போனேன். ஃப்ரீசர் பெட்டியின் கால் வழியாகப் பூமாலைக்கு எறும்பு வரிசை ஏறிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர் ஒருவர் செல்வத்தின் கடையிலிருந்தே பொடியை எடுத்து வந்து தூவப் போனார்.

அழுதுகொண்டிருந்த ஜோதி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தது.

"என்ன எறும்புன்னு பாத்தீகளா?"

நான்தான் குனிந்து பார்த்தேன். பிள்ளையார் எறும்பு. டப்பாவை வாங்கி மூடிவிட்டேன்.

போய் வாங்க செல்வம்... மாமரத்தில் முசுறு சௌக்கியமாக இருக்கிறது.