அண்ணனின் நான்காவது அடி

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவருடைய நற்குணங்களை இந்த நினைவு மலரில் எழுதச் சொன்னார்கள் உறவினர்கள். எழுதுகிறேன். ஆனால் நான் செய்த தவற்றை விட்டுவிட்டு எழுத எனக்குக் கை வரவில்லை.

மங்கலத்தில் விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய வீட்டில் அண்ணன் பிறந்தார். அப்பா படுத்த படுக்கையானபோது, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். நான் தமிழாசிரியை ஆனது அவர் உழைப்பில்தான். தனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று ஒருநாளும் யாரிடமும் சொன்னவரில்லை. முப்பது வயதுக்குமேல் என்னிடம் யாப்பு கேட்டுக் கற்றுக்கொண்டு பாட்டெழுதத் தொடங்கினார். தறிச் சத்தத்தில் வளர்ந்த காது, தாளம் அவருக்குத் தானாக வந்தது.

கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. பனியனில் ஓட்டையோ கறையோ இருந்தால், அந்த இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பாட்டெழுதி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "டீச்சரம்மா, டேமேஜ் இருந்தா ஸ்டிக்கர் ஒட்டிப் போடு கண்ணு" என்பார். நானும் பிழை கண்ட இடத்தில் அம்புக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவேன். எங்கள் இருவருக்கும் அது விளையாட்டு.

கடைசியாக வந்த பாட்டு இது:

படியேறி வந்தேனய்யா, மூச்சு வாங்குது
நொடிநேரம் நின்றேனய்யா, மூச்சு வாங்குது
அடியேனைப் பாருமய்யா, மூச்சு வாங்குது
நிற்கவும் முடியலையே, மூச்சு வாங்குது

ஆண்டுதோறும் முருகன் மலைக்குப் போகிறவர், அந்தப் படிகளைத்தான் பாடுகிறார் என்று நினைத்தேன். முதல் மூன்று அடிகளில் படி, நொடி, அடி என எதுகை நிற்கிறது. மூன்றும் புளிமாங்காய்ச் சீரில் தொடங்குகின்றன. நான்காவதில் எதுகை இல்லை, முதற்சீரில் ஓர் அசையும் குறைகிறது. மூன்று அம்புக்குறி போட்டேன். "அண்ணா, நாலாவது அடியில எதுகை இல்லீங்க. சீரும் பத்தல. மூச்சு வாங்குதுன்னு நாலு தடவை வருது, சலிப்பா இருக்குதுங்க. மாத்துங்க" என்று எழுதினேன்.

"செரி கண்ணு, மாத்தித் தர்றேன்" என்று பதில் வந்தது.

மறுநாள் கம்பெனிப் படிக்கட்டில் விழுந்தவர் எழவேயில்லை. துக்கத்துக்கு வந்திருந்த, அவரோடு வேலை பார்த்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இந்த வருசம் மலைக்கே போகலீங்க டீச்சர். மூணு மாடி ஏறி வர்றதுக்குள்ள நெஞ்சைப் புடிச்சுட்டு நின்னுக்குவாருங்க. ஊட்டுல சொல்லிப் போடாதீங்கன்னுட்டாருங்க" என்றார்.

வீட்டுக்கு மறைத்ததை என்னிடம் நான்கு தடவை சொல்லியிருக்கிறார். நான் அதில் ஸ்டிக்கர் ஒட்டினேன். வகுப்பில் எத்தனை பிள்ளைகளிடம் பாட்டின் பொருள் கேட்டிருப்பேன்! எந்தப் படி என்று அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, பாவி. அன்றே கேட்டிருந்தால் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருப்பேன். இந்த ஓராண்டில் அதை நினைக்காமல் எனக்கு ஒரு பொழுதும் விடியவில்லை.

அண்ணனைத் தோளில் தாங்கி மாடியிலிருந்து இறக்கிய சக ஊழியர்களுக்கும், வேனை விரட்டிக்கொண்டு போன ஓட்டுநருக்கும், காரியம் முடியும்வரை அண்ணியாரைத் தனியே விடாத அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அவர் சட்டைப்பையில் இருந்த துண்டுக் காகிதத்தை அண்ணியார் சென்ற வாரம்தான் என்னிடம் கொடுத்தார். அதில் அண்ணன் நான்காவது அடியைத் திருத்தி வைத்திருந்தார்.

விடிவேதும் இல்லையய்யா, மூச்சு வாங்குது

எதுகை சரியாக இருக்கிறது. சீரும் சரியாக இருக்கிறது. கடைசி இரண்டு சொற்களை மட்டும் அவர் மாற்றவில்லை.