திருமலை பார்க்கிங்கில் பார்த்த ஸ்கி ஜம்பிங்

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ஸ்ரீசிட்டியிலிருந்து நாகலாபுரம், புத்தூர் வழியாகத் திருமலைக்குப் போய்வந்தோம். இந்தப் பயணத்துக்குக் காரணம் பக்தி என்று சொன்னால் பொய். காரணம் கைபேசி. திருமலையில் தரிசன வரிசைக்குள் கைபேசியைக் கொண்டுபோக விடமாட்டார்கள். எங்களோடு வந்தவருக்கு அன்று சாயங்காலம் முழுவதும் கைபேசி கிட்டவே இல்லாத ஓர் இடம் வேண்டியிருந்தது. யோசனை சொன்னது நான்தான். அன்றைக்கு நடந்த நல்லதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

நான் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர். சொந்த ஊர் திருத்தணி, வாரநாட்களில் தடாவில் வாடகை வீடு. வந்தவர் மொரிதா சான் ('சான்' என்பது நம் 'சார்' மாதிரி மரியாதைச் சொல்). புது இயந்திரங்களைப் பொருத்திக் கொடுக்க ஜப்பானின் வடகோடியில் உள்ள ஹொக்கைடோவிலிருந்து வந்திருக்கும் பொறியாளர். நாற்பது வயது, அதிகம் பேசமாட்டார், கேண்டீன் ரசத்தை மட்டும் மூன்று டம்ளர் குடிப்பார். அவருடைய தம்பி கென்ஜி ஒரு ஸ்கி ஜம்பிங் வீரர். அன்று ஐரோப்பாவில் ஒரு பன்னாட்டுக் குளிர்கால விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் தனிநபர் ஸ்கி ஜம்பிங். தம்பி குதிக்கப்போகிறான். அண்ணனுக்கு அதைப் பார்க்கப் பயம்.

ஸ்கி ஜம்பிங் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: காலில் ஆளைவிட நீளமான இரண்டு சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு, செங்குத்தான பனிச்சரிவில் மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் வழுக்கிவந்து, விளிம்பில் எம்பிக் குதிக்க வேண்டும். கையில் குச்சிகூடக் கிடையாது. நூறு மீட்டருக்கு மேல் காற்றில் மிதந்துபோய்க் கீழே இறங்க வேண்டும். இதை விளையாட்டு என்று முதலில் சொன்ன புண்ணியவான் யாரோ தெரியவில்லை.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன் ஒரு போட்டியில் கென்ஜி இறங்கும்போது விழுந்து உருண்டிருக்கிறான். வலது முழங்கால் போய்விட்டது. சரிவின் அடியில் நின்று அதை நேரில் பார்த்தவர் மொரிதா சான். அறுவைசிகிச்சை ஆகி, தம்பி மறுபடி குதிக்கத் தொடங்கிவிட்டான். அண்ணனால்தான் அதற்குப் பிறகு ஒரு குதிப்பைக்கூடப் பார்க்க முடியவில்லை. மறுநாள் மதிப்பெண்ணை மட்டும் படித்துக்கொள்வாராம். இந்த முறை தம்பி கேட்டே விட்டான்: "நீ பார்ப்பாயா?" வந்த செய்திக்கு ஒரு வாரமாகப் பதில் போடாமல் வைத்திருந்தார். கையில் கைபேசி இருந்தால் பாதியில் திறந்துவிடுவேன், திறந்தால் விழுவதைத்தான் பார்ப்பேன் என்று வியாழக்கிழமை மதிய உணவின்போது என்னிடம் சொன்னார். அப்போது உதித்ததுதான் திருமலை.

காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். கார் வாடகை போகவர 4,200 ரூபாய், ஓட்டுநர் டில்லிபாபு. நாகலாபுரத்தை ஒட்டிய தமிழ்க் கிராமத்துக்காரர். வீட்டில் எல்லோரும் கூலிவேலை செய்து முக்கால் ஏக்கர் வாங்கி, அதில் கத்திரிக்காய் போட்டு, இப்போது இந்தக் காரும் ஓட்டுகிறார். போலீஸ்காரரிடமும் பெட்ரோல் பங்கிலும் தெலுங்கு, மனைவியிடம் தமிழ், இரண்டையும் கலந்து என்னிடம் என்று வழி முழுக்கப் பேச்சுதான்.

சத்தியவேடு தாண்டி நாகலாபுரம் சுமார் ஒன்றேகால் மணி நேரம். வேதநாராயண சுவாமி கோயிலை அவசரப்படாமல் பாருங்கள். மூலவருக்கு இடுப்புக்குக் கீழே மீன் உருவம். மொரிதா சான் அங்கே வெகுநேரம் நின்றார். கூட்டம் இல்லை, யாரும் நகரச் சொல்லவில்லை. திருமலைக்குப் போகிற வழியில் இப்படி நின்று பார்க்க ஒரு கோயில் கிடைப்பது பெரிய விஷயம்.

அடுத்து புத்தூர். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பேர்போன ஊர் என்பதால், கையில் மூங்கில் பத்தை, காலில் கட்டு என்று ஆட்டோ ஆட்டோவாக ஆட்கள் வந்திறங்குவார்கள். மொரிதா சானுக்கு முகம் மாறிவிட்டது. விஷயத்தை டில்லிபாபுவிடம் சொல்லலாமா என்று கேட்டேன். தலையசைத்தார். சொன்னேன். டில்லிபாபு வண்டியை ஓரங்கட்டித் தம்பியின் படத்தை வாங்கிப் பார்த்தார், சட்டை எண்ணைக் கேட்டுக்கொண்டார். மொரிதா சான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். எது தெரியவந்தாலும் தான் கேட்காமல் சொல்லக்கூடாது.

சாப்பாடு புத்தூரிலேயே முடித்துக்கொண்டு (மூன்று பேருக்கு 360 ரூபாய், பப்புப் பொடி, அதாவது பருப்புப் பொடி, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்), இரண்டு மணிக்கு அலிபிரி சோதனைச் சாவடி. அங்கே மூட்டைமுடிச்செல்லாம் இறக்கிச் சோதிப்பார்கள், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை விடமாட்டார்கள். மலைப்பாதை ஏறி முடிக்க முக்கால் மணி நேரம். சுற்றுலாத் துறைக் கோட்டாவில் அதிர்ஷ்டவசமாக முந்தின நாள் கிடைத்த எங்கள் முந்நூறு ரூபாய்ச் சீட்டுக்கு நான்கு மணி வரிசை. போட்டி நம் நேரப்படி ஐந்துக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் முடியவேண்டும். கணக்கு கச்சிதம். கைபேசிகளை டில்லிபாபுவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனோம்.

வரிசையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் வேறு எழுத வேண்டாம். மூன்று மணி நேரம் நின்றும் நகர்ந்தும் போனோம். ஐந்து மணி ஆனதிலிருந்து மொரிதா சான் சுவரில் தொங்கும் கடிகாரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கைபேசியிலிருந்து தப்பித்தாரே தவிர நேரத்திலிருந்து தப்பிக்க முடியவில்லை. சன்னிதியில் எல்லோருக்கும் கிடைப்பதுபோல எங்களுக்கும் சில நொடிகள். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கே அன்று வேறெதுவும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

லட்டுப் பையோடு பார்க்கிங்குக்கு வந்தபோது ஏழேகால் மணி. நல்ல குளிர். போட்டி முடிந்திருக்கும் என்ற தைரியத்தில்தான் வந்தோம். எங்கள் காரைச் சுற்றி ஏழெட்டு ஓட்டுநர்கள். காரின் முகப்பில் டில்லிபாபுவின் கைபேசி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. திரையில் வெள்ளைவெளேரென்று பனி. எங்களைப் பார்த்ததும் டில்லிபாபு பாய்ந்து அதைக் கவிழ்த்து வைத்தார்.

"மேடம், இன்னும் முடியல. காத்து ஜாஸ்தின்னு நிறுத்தி நிறுத்தி இப்பத்தான் மொத ரவுண்டு முடிஞ்சிகீது. சாரு கேட்டாத்தான் சொல்லுவேன்."

மொழிபெயர்த்தேன். மொரிதா சான் நின்ற இடத்திலேயே நின்றார். நாங்கள் ஓடி ஒளிந்ததற்கு அர்த்தமே இல்லை, பாதிப் போட்டி பாக்கி. முதல் சுற்றில் வந்த முதல் முப்பது பேர் மட்டும் இரண்டாவது முறை குதிப்பார்கள். தம்பி அதில் இருக்கிறானா என்று கேட்டார். இருக்கிறான், இருபத்திரண்டாவது. விழுந்தானா என்று கேட்டார். டில்லிபாபு தயங்கினார்.

"உயல மேடம். ஆனா உயறாப்புல ஆயிட்ச்சி. நேரா எறங்கல. ஒரு காலு முன்னாடி போயிட்ச்சி, இன்னொரு முட்டி மடங்கி தரையில படறாப்புல பூட்ச்சி, ரெண்டு கையும் விரிச்சிக்கினு எப்பிடியோ சமாளிச்சிக்கினாரு. எங்க எல்லாருக்கும் திக்குனு ஆயிட்ச்சி."

சொன்னதோடு நிற்காமல், இரண்டு கார்களுக்கு நடுவில் இடது காலை முன்னால் வைத்து, வலது முழங்காலை மடக்கி, கைகளை விரித்து நின்று காட்டினார். நான் எப்படி இதைச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியே இருக்கவில்லை. மொரிதா சான் அவர் அருகே போய், மடங்கியிருந்த அந்த வலது முழங்காலைத் தொட்டு, இந்தக் காலா என்று கேட்டார். டில்லிபாபு அதேதான் என்றார். இன்னொரு முறை செய்யச் சொன்னார். அவரும் செய்தார். மொரிதா சான் காரைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

பிறகு எனக்கு விளக்கினார். ஸ்கி ஜம்பிங்கில் இறங்கவேண்டிய முறையே அதுதான். ஒரு கால் முன்னே, ஒரு முழங்கால் மடங்கி, கைகள் விரிந்து. இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினால் ஆபத்து குறைவு, ஆனால் நடுவர்கள் மதிப்பெண்ணை வெட்டிவிடுவார்கள். விழுந்த நாளிலிருந்து கென்ஜி இரண்டு காலையும் சேர்த்தேதான் இறங்கியிருக்கிறான். மறுநாள் மதிப்பெண்ணில் அண்ணன் தேடியது அதைத்தான், ஒவ்வொரு முறையும் வெட்டப்பட்டே இருந்திருக்கிறது. இன்றைக்கு அந்த வலது முழங்காலை நம்பி மடக்கியிருக்கிறான். விழப்பார்த்தான் என்று டில்லிபாபு பயந்து சொன்னது, அவன் பயம் விட்டுப்போன சங்கதி.

மொரிதா சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கவிழ்த்து வைத்த கைபேசியை அவரே நிமிர்த்தினார்.

இரண்டாவது சுற்று. கென்ஜி சரிவின் உச்சியில் குறுக்காகப் போட்டிருக்கும் கம்பியில் வந்து உட்கார்ந்தான். காற்று மாறியதால் சிவப்பு விளக்கு போட்டு அவனை எழுப்பிவிட்டார்கள். ஒரு திருப்பதி ஓட்டுநர் தெலுங்கில், நம்மைத்தான் வரிசையில் நிறுத்துகிறார்கள் என்றால் அவனையுமா என்றார். மறுபடி உட்கார்ந்தான். பச்சை. வழுக்கி வந்தான், எம்பினான், கட்டைகளை விரித்துக்கொண்டு அப்படியே மிதந்தான். மொரிதா சான் என் தோளை அழுத்திப் பிடித்திருந்தார், இரண்டு நாள் வலித்தது. இறங்கினான். ஒரு கால் முன்னே, வலது முழங்கால் மடங்கி, கைகள் விரிந்து. இப்போது விஷயம் தெரிந்த ஓட்டுநர்கள் ஒருவர் விடாமல் கைதட்டினார்கள். முடிவில் பதினேழாவது இடம். அதற்குப் பரிசு கிடையாதா என்று டில்லிபாபுவுக்குத்தான் மனசு ஆறவில்லை. லட்டுகளை உடைத்து எல்லோருக்கும் கொடுத்தோம், எங்களுக்கு மிஞ்சவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தரிசனச் சீட்டை இணையத்தில் மாதக்கணக்கில் முன்பே எடுத்துவிடுங்கள், சனி ஞாயிறு கிடைப்பது கஷ்டம். வெளிநாட்டு நண்பரை அழைத்துப்போனால் பாஸ்போர்ட் கட்டாயம். வேற்று மதத்தவர் நம்பிக்கை தெரிவித்துக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், முன்கூட்டியே சொல்லி அவர்கள் சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு வேட்டி. பிப்ரவரி சாயங்காலத்துக்கு ஒரு ஸ்வெட்டர். தடாவிலிருந்து காளஹஸ்தி வழி போனால் சாலை அகலம், ஆனால் நாகலாபுரம் வழியில்தான் டில்லிபாபு மாதிரி ஆட்கள் கிடைப்பார்கள். அந்தச் சாலைக்கும் அந்த மனிதருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

மலையிறங்கக் கிளம்பும் நேரத்தில் கென்ஜியிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. தொப்பி, மூக்கு நுனி சிவப்பு, பின்னால் பனி. அண்ணனும் தம்பியும் வேகமாகப் பேசிக்கொண்டார்கள், நான் தள்ளி நின்றேன். முதல் குதிப்பைத் தனக்குப் பதிலாகப் பார்த்தவர் இவர் என்று மொரிதா சான் கைபேசியை டில்லிபாபுவிடம் நீட்டினார். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, தமிழிலேயே கேட்டார்.

"தம்பி, சோறு துன்னியாப்பா?"

நான் ஜப்பானியத்தில் சொன்னேன். அவன் சிரித்தான். பிறகு சொன்ன பதிலை டில்லிபாபுவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன்.

"காலையிலேர்ந்து சாப்பிடலையாம். அண்ணன் பார்த்தாரான்னு தெரிஞ்சிக்கிட்டு சாப்பிடலாம்னு இருந்தாராம்."