குறுக்குக்காற்று

மூன்றுக்கு மூன்று என்று நின்றது ஆட்டம். மிச்சம் ஒரே ஒரு சண்டை. அதில் பறக்கப் போகிறவள் தன் தங்கை தூன்யாதான் என்று தெரிந்ததும் கிரதிமிர் கழுத்துத் துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

கிக்கிண்டா நகரப் பண்பாட்டு மன்றத்தின் கூடத்தில் அன்று உட்கார இடமில்லை. வெளியே கொஷாவாக் குளிர்காற்று ஊளையிட்டது. சதுக்கத்து மரங்களில் ஆந்தைகள் கண்ணை மூடிக் கிளைகளைப் பற்றிக்கொண்டு இருந்தன. உள்ளே ஜன்னல் கதவு எல்லாம் இறுக்கிச் சாத்தி, மனிதச் சூட்டில் சுவரே வேர்த்தது. கணினியில் ஆடும் விமானச் சண்டைக்காக இரண்டு மேசை, இரண்டு கணினி, இரண்டு நாற்காலி. சுற்றிலும் தரையில் மஞ்சள் நாடா. கண்ணை முழுக்க மறைக்கும் ஹெட்செட்டை மாட்டியவருக்குத் தெரிவது விமானத்தின் உள்பக்கமும் வானமும் மட்டுமே. பக்கத்தில் நிற்பவர் யார் என்றுகூடத் தெரியாது. போன வருடம் ஒருவன் பாசத்தோடு தோளைத் தட்டப் போய் மூக்கில் குத்து வாங்கினான். அதிலிருந்துதான் அந்த நாடா.

அணித் தலைவர் போரிசாவ், ரொட்டி வண்டி ஓட்டுகிறவர், தூன்யாவின் முன்னால் குனிந்து நின்றார்.

"இந்தா பாரு. ரெண்டு தடவை குதிச்சுட்ட. இன்னைக்கும் குதிச்சா அடுத்த வாரம் உன் நாற்காலியில வேற ஆளு. நான் பொல்லாதவன் இல்ல, ஆனா சொன்னா சொன்னதுதான்."

"தெரியும், தலைவரே."

"காலைல என்ன சாப்பிட்ட?"

"காஞ்ச ரொட்டி ரெண்டு. இஞ்சி டீ."

"பூரெக்?"

"எண்ணெய் சொட்டுற பூரெக்கைத் தின்னுட்டு எவனாவது தலைகீழாப் பறப்பானா?"

குதிப்பது என்றால் சண்டை முடியும் முன்னே ஹெட்செட்டைக் கழற்றுவது. அந்த அணியில் அது பாராசூட்டில் குதித்ததற்குச் சமம். விமானம் போச்சு, ஆட்டமும் போச்சு. தூன்யா குதித்த இரண்டு தடவையும் பயத்தால் இல்லை, குமட்டலால்.

அது சின்ன வயதிலிருந்தே இருக்கிற சங்கதி. கோடையில் கடலுக்குப் போகும் பஸ்ஸில் அவள் ஏறினால் ஓட்டுநர் முகம் சுருங்கும். மடியில் எப்போதும் ஒரு பை. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே 'பை'. வளர்ந்து ஓட்டுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். பெல்ட்டில் ஓடி வரும் கூரை ஓடுகளில் விரிசல் விட்டதைக் கண்ணால் பிடித்து எடுத்துப் போடும் வேலை. அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் கூட வேலை செய்த ஒருவன் அவளை அணிக்குக் கூட்டிப் போனான். வானத்தில் புள்ளி மாதிரி ஒரு விமானத்தை மற்றவர்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் கையைக் காட்டிவிடுவாள். அணியில் ஒவ்வொருவருக்கும் மற்றவர்கள்தான் கேலிப் பெயர் வைப்பார்கள். அவள் முந்திக்கொண்டாள்.

"என் பேரு 'பை'. வேற பேரு வச்சா வரமாட்டேன்."

கண் சுழல்கிறேன் என்கிறது, வயிறு உட்கார்ந்திருக்கிறேன் என்கிறது. இரண்டுக்கும் ஒத்துப் போகாததுதான் குமட்டல். முகத்துக்கு நேரே மின்சாரக் காற்றாடி ஒன்றை வைத்துக் காற்று அடித்தால் எது முன்பக்கம் என்று உடம்புக்குப் பிடிபடும், குமட்டல் குறையும் என்று அணியில் ஒருவன் சொன்னான். கிரதிமிர் கொதித்துப் போனான். கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிற அவனுடைய பட்டறையில், கதவைத் திறக்கும் முன் ஜன்னலைச் சாத்த வேண்டும் என்பது சட்டம். இரண்டும் ஒருசேரத் திறந்திருந்தால் நடுவே ஓடும் குறுக்குக்காற்று கழுத்தைப் பிடிக்கும், சிறுநீரகத்தைக் குளிரடிக்கும், வாயைக் கோணலாக்கும். அவன் மாமாவுக்கு ரயில் ஜன்னலோரத்தில் அப்படித்தான் ஆனது. ஆனால் காற்றாடி இருந்தால் தங்கை நாற்காலியில் தாக்குப்பிடிக்கிறாள், இல்லாவிட்டால் பக்கெட்டைத் தேடுகிறாள் என்பதையும் அவன்தான் பார்த்தான். கடைசியில் காற்றாடியை மேசையில் அசையாமல் பிடிக்க அவனே தோல் வார் தைத்துக் கொடுத்தான். ஓடுகிறதா என்று தூரத்திலிருந்தே தெரிய, கம்பிவலையில் நீலத் துணி நாடா ஒன்றையும் கட்டினான்.

"முகத்துக்கு மட்டும். கழுத்துக்குப் போகக் கூடாது," என்றான் அன்று.

"காத்துக்கிட்ட சொல்லி வைக்கிறேன்ணே," என்றாள் அவள்.

நடுவர் கையை உயர்த்தினார். "துப்பாக்கி மட்டும். சுட்டு வீழ்த்தினா போதாது, திரும்பி வந்து தரையில இறங்கினாத்தான் வெற்றி. இனிமே ஒயரை எவன் தொட்டாலும் அவன் அணி தோத்ததுன்னு எழுதிடுவேன்."

தூன்யா ஹெட்செட்டை இறக்கினாள். நீல நாடா படபடத்தது. சுவரில் இரண்டு திரைகள், ஒவ்வொன்றும் ஒருவர் பார்ப்பதைக் காட்டும். எதிரி நீஷ் நகரத்து வித்தோய், தடித்த கழுத்துக்காரன். இருவருக்கும் ஒரே மாதிரி பழைய மிக் போர் விமானம்.

எதிரெதிராக வந்து, உரசுவது போல் கடந்து, இருவரும் திரும்பினார்கள். தூன்யாவின் திரை விடாமல் அசைந்தது. மேலே, தோளுக்குப் பின்னால், மறுபடி மேலே. அப்படித்தான் இருக்க வேண்டும். எதிரியைக் கண்பார்வையிலிருந்து தவறவிட்டவன் பிறகு அவனைப் பார்ப்பதில்லை, அவனுடைய குண்டைத்தான் பார்ப்பான். கிரதிமிர் மூச்சை விட்டான்.

அப்போதுதான் மன்றத்தைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் ரொசாந்தா அத்தை, நடுவருக்குக் காபித் தட்டு எடுத்து வந்தவள், நின்றாள். தூன்யாவின் வேர்த்த பின்கழுத்தைப் பார்த்தாள். காற்றாடியைப் பார்த்தாள். சுவரோரம் குனிந்து ப்ளக்கைப் பிடுங்கினாள்.

நீல நாடா தொங்கிப் போனது.

"அத்தை!" கிரதிமிரின் குரல் உடைந்தது. "ஐயோ, அதைச் சொருகுங்க!"

"பிப்ரவரியில ஈரக் கழுத்துக்குக் காத்தாடியா? நாளைக்கு வாய் கோணிக்கிட்டா நீயா பதில் சொல்லுவ?"

அவள் மனம் மாறிக் கையை நீட்டுவதற்குள் நடுவர் கத்தினார். "தொடாதீங்க! நீங்க எந்த அணியும் இல்ல, போனது போகட்டும். இனிமே யார் தொட்டாலும் ஆட்டம் முடிஞ்சுது!"

"நல்லதுதானேப்பா செஞ்சேன்," என்றாள் அவள், ப்ளக்கைக் கையில் வைத்துக்கொண்டு.

தூன்யாவின் தொண்டை ஏறி இறங்கியது. ஒரு தடவை. மறுபடியும். திரை அசைவது குறைந்தது. குமட்டல் வந்தால் அவள் தலையைத் திருப்ப மாட்டாள், பஸ்ஸில் முன் கண்ணாடியையே வெறித்துக்கொண்டிருந்த அதே குழந்தை. திரையில் இப்போது நேர் முன்னே வெற்று வானம். பக்கத்துத் திரையில் வித்தோய் அவளுடைய வால் பக்கம் நெருங்கிக்கொண்டிருந்தான்.

அவள் இடது கை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை விட்டு மேலே எழுந்தது. ஹெட்செட்டின் விளிம்பில் விரல் பட்டது.

"குதிக்கப் போறா," என்றார் போரிசாவ் மெதுவாக.

கிரதிமிர் அந்தக் கூடத்தை ஒரு பார்வை பார்த்தான். தூன்யாவுக்கு நேர் எதிரே முற்றத்துக் கதவு. அவள் முதுகுக்குப் பின்னால் உயரத்தில் ஜன்னல். பிறந்ததிலிருந்து அவன் செய்யாத ஒன்றைச் செய்ய ஓடினான். கொக்கிக் கம்பை எடுத்து ஜன்னலை இழுத்துத் திறந்தான். ஆட்களை இடித்துக்கொண்டு கூடத்தின் மறுகோடிக்குப் போய் முற்றத்துக் கதவின் தாழை விலக்கினான். கொஷாவா கதவை அவன் கையிலிருந்து பிடுங்கிச் சுவரில் அறைந்தது.

"குறுக்குக்காத்து!" என்று ஐம்பது தொண்டைகள் ஒன்றாக அலறின.

"கதவைச் சாத்துடா, கழுதை!"

"என் இடுப்பு! ஏற்கனவே போன இடுப்பு!"

"கைக்குழந்தை இருக்குய்யா இங்க!"

காகிதக் கோப்பைகள் உருண்டன. கிரதிமிர் கதவில் முதுகைக் கொடுத்து நின்றான். இரண்டு பேர் இழுத்தும் நகரவில்லை. கழுத்துத் துண்டு அவிழ்ந்து எங்கேயோ பறந்து போனது.

"நடுவரே, இது என்ன அநியாயம்?" என்றான் நீஷ் அணிக்காரன் ஒருவன்.

"ஒயரைத் தொட்டானா? நாடாவைத் தாண்டினானா?" என்று போரிசாவ் சீறினார். "கதவைப் பத்தி விதியில என்ன இருக்கு, காட்டு!"

நடுவர் பறக்கும் தாள்களை முழங்கையால் அமுக்கியபடி தலையை ஆட்டினார். தொடரட்டும்.

ஓடாத காற்றாடியில் நீல நாடா எழுந்தது. தூன்யாவின் நெற்றி முடி பின்னால் சாய்ந்தது. விளிம்பில் இருந்த விரல் அங்கேயே நின்றது. வித்தோய் சுட்டான், குண்டுகள் இறக்கையை உரசிப் போயின. பிறகு அந்தக் கை இறங்கி, துழாவி, த்ராட்டிலைக் கண்டுபிடித்தது. திரை ஒரே வெட்டில் பின்னால் திரும்பியது.

அவனைப் பார்த்துவிட்டாள்.

வேகத்தைக் குறைத்து, மூக்கைத் தூக்கி, பீப்பாய் உருளுவது போல் ஒரு புரட்டு. வேகமாக வந்த வித்தோய் அவளைத் தாண்டிப் போய்விட்டான். அவள் புரட்டை முடித்துக் கீழே வந்தபோது அவன் வால் அவளுடைய விமானக் கண்ணாடி நிறைய நின்றது. ஒரு சின்னக் குண்டுமழை. நீஷ் திரையில் நெருப்பு.

கூடம் எழுந்து கத்தியது. கிரதிமிர் கத்தவில்லை. இன்னும் அவள் தரையிறங்க வேண்டும். தரை நெருங்க நெருங்கத்தான் அவளுக்கு வயிறு புரளும். கீழே வயல்கள் பெரிதாகின. அவள் முகம் மெழுகு நிறத்தில் இருந்தது, உதடுகளை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள். ஓடுபாதை கோடாகத் தெரிந்து பட்டையாக விரிந்தது. சக்கரம் ஒரு தடவை குதித்தது. பிறகு ஒட்டியது. ஓடியது. நின்றது.

தூன்யா ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் பதமாக வைத்தாள். எழுந்தாள். கைதட்டிக்கொண்டு வந்தவர்களைக் கையால் விலக்கி, மூலையிலிருந்த குப்பைத் தொட்டிக்குப் போய், மண்டியிட்டு வாந்தி எடுத்தாள்.

"சக்கரம் நின்னதுக்கு அப்புறம்," என்று போரிசாவ் ஊருக்கே கேட்கும்படி அறிவித்தார். "இது கணக்குல வராது! நாற்காலி உன்னுதுதான், பை!"

மறுநாள் கிரதிமிரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பட்டறையில் இருக்கை உறைக்குப் பதில் தன்னையே தைத்து வைத்தது போல் விறைத்து உட்கார்ந்திருந்தான். ரொசாந்தா அத்தை அவனுடைய கழுத்துத் துண்டைத் துவைத்துக் காயவைத்து எடுத்து வந்து கொடுத்தாள்.

"பாத்தியா? நான் என்ன சொன்னேன்?"

"நீங்க சொன்னதுதான் சரி அத்தை. குறுக்குக்காத்துதான்."

அவள் திருப்தியாகப் போனாள். தூன்யா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து அவன் கழுத்தில் வைத்தாள்.

"ரொம்ப வலிக்குதாண்ணே?"

"அதை விடு. அடுத்த மாசம் நீஷுல ஆட்டம். அந்தக் கூடத்துல கதவு எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம்னு கேட்டு வை."

"கேக்குறேன். ஆட்டம் கூடப் பரவாயில்லண்ணே," என்றாள் தூன்யா. "அங்க வரைக்கும் பஸ்ல போகணுமே."